சுவிட்சைக் கழற்றுவதற்கு முன்: லைட் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

வீட்டில் ஒரு லைட் எரியாவிட்டால் முதலில் பழி விழுவது சுவிட்சின் மேல்தான். நாலு தடவை தட்டிப் பார்ப்பார்கள். பிறகு கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்ப் புதிது வாங்கி வந்து பூட்டுவார்கள். லைட் அப்போதும் எரியாது. சில வீடுகளில் அதற்குப் பிறகு அடுத்த அறை லைட்டும் எரியாது. கோளாறு எங்கே என்று பார்க்காமல் சுவிட்சில் கை வைத்தால் இப்படித்தான் ஒன்று இரண்டாகும். அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளையும் படிக்காமல் போக வேண்டாம்.

சுவிட்சுக்குள் என்னதான் நடக்கிறது

சாதாரண லைட் சுவிட்ச் என்பது ஒழுங்கை வாசலில் இருக்கும் படலை மாதிரி. திறந்தால் போகலாம், மூடினால் போக முடியாது, வேறு வேலை அதற்கு இல்லை. பிரேக்கரிலிருந்து கரண்ட் கொண்டு வரும் லைவ் வயர் சுவிட்சின் ஒரு பக்கத்தில் ஏறுகிறது. மறுபக்கத்திலிருந்து இன்னொரு வயர் பல்புக்குப் போகிறது. அதைச் சுவிட்ச் வயர் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் சுவிட்சைத் தொடாமல் நேரே பல்புக்குப் போய்விடும்.

லைவ் வயர் ஒரு லைட்டோடு நிற்பதில்லை, அடுத்த லைட்டுக்கும் போக வேண்டும். அந்தத் தொடுப்பைச் சில வீடுகளில் மேலே லைட் தொங்கும் இடத்திலுள்ள வட்ட மூடியான சீலிங் ரோஸில் வைத்திருப்பார்கள், சில வீடுகளில் சுவிட்சிலேயே வைத்திருப்பார்கள். இரண்டாவது வகையென்றால் சுவிட்சின் ஒரே ஓட்டைக்குள் இரண்டு வயர் சேர்த்து இறுக்கியிருக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய வயரிங்கில் கபிலம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். இதோடு முடிந்தால் நல்லது. ஆனால் மூன்று லைவ் வயர் வரும் பழைய மூன்று பேஸ் வீட்டில் நீலமும் ஒரு பேஸ், அதாவது லைவ். புதிய மூன்று பேஸ் முறையில் கறுப்பு ஒரு பேஸ். கொட்டாஞ்சேனையிலோ தெமட்டகொடையிலோ ஐம்பது அறுபது வருட வீட்டின் பின்பக்கம் புதிதாக இரண்டு அறை கட்டியிருந்தால், ஒரே வீட்டில் இரண்டு முறையும் இருக்கும். போதாததற்கு, சுவிட்சுக்கு இறங்கும் வயர் குறைந்தபோது கையில் இருந்த கறுப்பு வயரையே சுவிட்ச் வயராக இழுத்துவிட்டுப் போன வயரிங் பாஸ்மார் பலர். சுவிட்ச் பெட்டிக்குள் கறுப்பு வயர் கண்டால் அது நியூட்ரல்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கை வைப்பதற்கு முன்

லைட் பிரேக்கரை மட்டும் இறக்காமல் மெயினையே இறக்குங்கள். நம்மூர் வீடுகளில் பெரும்பாலும் மெயினுக்கு அடுத்தபடியாக, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச் இருக்கும். அது லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும். பிரேக்கர் லைவை மட்டும்தான் துண்டிக்கும். மேல்மாடி லைட்டுக்குக் கீழ்மாடியிலிருந்து நியூட்ரல் இரவல் வாங்கிய வீடுகளும் உண்டு. அங்கே ஒரு பிரேக்கரை இறக்கிவிட்டு நியூட்ரல் இணைப்பைப் பிரித்தால் கரண்ட் அடிக்கும்.

இன்வெர்ட்டர் பூட்டியிருக்கிறீர்களா? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் பட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கிய வீடுகள் உண்டு. மெயினை இறக்கியதும் அது தன் வேலையைச் சரியாகச் செய்யும். சில விநாடிகளில் லைட் சேர்க்கிட்டுக்கு 230 வோல்ட் திரும்பி வந்துவிடும். முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள், பிறகு மெயினை இறக்குங்கள். கூரையில் சோலாரோடு பட்டரியும் இருந்தால் அதற்கும் இதேதான்.

அடுத்து டெஸ்டர். நியோன் டெஸ்டர் மலிவானது, ஆனால் அது எரியவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று ஆகிவிடாது. மெயினை இறக்குவதற்கு முன் கரண்ட் இருக்கும் ஒரு பிளக் பொயின்ட்டில் அதை வைத்து, எரிகிறதா என்று பாருங்கள். மெயினை இறக்கிய பிறகு சுவிட்சின் ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் வையுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, கழற்றுவதற்கு முன் ஃபோனில் ஒரு படம். வயர்கள் ஏறும் இடமும் சுவிட்சின் பின்புறத்தில் அச்சிட்ட எழுத்தும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஒரு லைட் மட்டும் எரியவில்லை

பல்பை மாற்றிப் பாருங்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் செய்யுங்கள். அடுத்தது ஹோல்டர். பின் வகை ஹோல்டரில் ஸ்பிரிங் அமுங்கிப் போயிருக்கலாம். ஸ்க்ரூ வகையில் நடுவிலுள்ள பித்தளை நாக்கு சூட்டில் படிந்துபோய்ப் பல்பின் அடியைத் தொடாமல் இருக்கலாம். மெயினை இறக்கிவிட்டு அதை மெதுவாக மேலே நெம்பிவிட்டால் போதும்.

அதுவும் சரியென்றால்தான் சுவிட்ச். இங்கே ஒரு சோதனை இருக்கிறது, கரண்ட் இருக்கும்போது செய்வது. பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்தி எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். செய்கிறவர்கள் மெயினை இறக்கிவிட்டு சுவிட்சைப் பெட்டியிலிருந்து வெளியே இழுத்து, ஸ்க்ரூக்கள் எதிலும் படாமல் தொங்க விட்டு, பிறகு மெயினைப் போடுங்கள். காலில் காய்ந்த ரப்பர் செருப்பு, ஒரு கை மட்டும் வேலையில். டெஸ்டரைத் தவிர வேறெதுவும் உலோகத்தில் படக்கூடாது.

சுவிட்ச் ஓஃப் நிலையில் ஒரு ஸ்க்ரூவில் டெஸ்டர் எரிய வேண்டும், மற்றதில் எரியக்கூடாது. ஓன் செய்தால் இரண்டிலும் எரிய வேண்டும். ஓன் செய்தும் ஒன்றில் மட்டும்தான் எரிகிறதென்றால் சுவிட்ச் செத்துவிட்டது, மாற்றுங்கள். ஓன் செய்தால் இரண்டிலும் எரிகிறது, லைட் மட்டும் எரியவில்லை என்றால் சுவிட்சில் ஒரு குறையும் இல்லை. அதற்கு மேலே சுவிட்ச் வயரிலோ, ஹோல்டரிலோ, நியூட்ரலிலோ அறுந்திருக்கிறது. இரண்டு நிலையிலும் எதிலுமே எரியவில்லை என்றால் லைவே வந்து சேரவில்லை. அதற்கு முந்தைய லைட்டின் சீலிங் ரோஸையோ முந்தைய சுவிட்சையோ திறந்து பார்க்க வேண்டும். தொடுப்பு கழன்றிருக்கும்.

சில வீடுகளில் விசித்திரமாக ஒன்று நடக்கும். ஓஃப் நிலையில் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்றில் டெஸ்டர் மங்கலாக எரியும், ஓன் செய்தால் இரண்டுமே அணைந்துவிடும், ஆனால் லைட் ஒழுங்காக எரியும். லைவுக்குப் பதிலாக நியூட்ரலைச் சுவிட்சில் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் லைவ் நிற்கும். அணைத்துவிட்டோம்தானே என்று பல்ப் மாற்றப் போகிறவருக்கு அடிக்கும். இதைத் தள்ளிப் போடாமல் ஆள் வைத்துச் சரிசெய்யுங்கள்.

கரகரவென்ற சத்தம், சூடு, கருகல் மணம்

மெயினை இறக்குங்கள், பிறகு மிச்சத்தைப் படியுங்கள்.

பெரும்பாலும் காரணம் தளர்ந்த ஸ்க்ரூ. வயர் இறுக்கமாகப் பிடிக்காத இடத்தில் சின்னச் சின்னத் தீப்பொறி பறக்கும். அது சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மெரின் டிரைவை அண்டிய தொடர்மாடிகளில் இது சீக்கிரம் வரும். உப்புக்காற்றில் ஸ்க்ரூ கறள் பிடிக்கும், செம்பு பச்சைக் களிம்பு கட்டும். கடலைப் பார்த்த சுவரில் இருக்கும் சுவிட்சுகளை வருடத்துக்கு ஒரு முறையாவது, மெயினை இறக்கிவிட்டு, திறந்து ஸ்க்ரூக்களை இறுக்கிப் பார்ப்பது நல்லது. திறக்கும்போது எறும்புக் கூடோ செத்த பல்லியோ இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

கருகிய சுவிட்சைச் சுரண்டித் துடைத்துத் திரும்பப் பூட்டுவது வீண் வேலை. தூக்கிப் போடுங்கள். வயரின் நுனியும் கறுத்து மொறுமொறுவென்று ஆகியிருந்தால் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, புதிதாக ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் சீவுங்கள். ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழுத்தால் வரும் வயர் நாளைக்குக் கருகும் வயர்.

ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தும் சூடாகிறதா? அந்தச் சுவிட்ச் எதை ஓட்டுகிறது என்று பாருங்கள். லைட் வயர் பெரும்பாலும் 1/1.13, அதாவது 1 சதுர மில்லிமீட்டர். பிளக் பொயின்ட்டுக்கு இழுப்பது 7/0.67, அது 2.5 சதுர மில்லிமீட்டர். லைட் சுவிட்சுகள் வழக்கமாக 10 ஆம்பியர். குளியலறை லைட்டிலிருந்து வயர் இழுத்து கீசரைப் பூட்டிய வீடுகள் கொழும்பில் இருக்கின்றன. தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான், ஸ்டார்ட் ஆகும்போது ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இவற்றுக்குத் தனி பிரேக்கரிலிருந்து தனி வயரும், இரண்டு வயரையும் வெட்டும் டபுள் போல் சுவிட்சும் வேண்டும். லைட் சுவிட்சைத் திரும்பத் திரும்ப மாற்றுவதால் ஒன்றும் ஆகாது.

சுவிட்ச் ஓஃப் ஆகவே மாட்டேன் என்கிறது

உள்ளே தொடுமுனைகள் உருகி ஒட்டிவிட்டன. ஒரே சுவிட்சில் நிறைய எல்ஈடி லைட்டுகளைச் சேர்த்தால், ஓன் செய்யும் கணத்தில் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய இழுப்பு இழுக்கும். அதில் ஒட்டுவதுண்டு. மாற்றுங்கள், லைட்டுகளை இரண்டு சுவிட்சாகப் பிரித்துவிடுங்கள்.

புதிய சுவிட்ச் பூட்டிய பிறகு வந்த வினை

கேள்விகள் அதிகம் வருவது இதில்தான். சுவிட்ச் நல்லது, வயர் நல்லது, இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஹோல் லைட்டைப் போட்டால்தான் அறை லைட் எரிகிறது என்பார்கள். முன்னால் சொன்ன அந்த இரட்டை வயர் ஞாபகமிருக்கிறதா? இரண்டும் ஒன்றாக ஒரே ஓட்டையில் இருக்க வேண்டியவை. பிரித்து, ஒன்றை மறுபக்கம் சுவிட்ச் வயரோடு சேர்த்துப் பூட்டியிருப்பீர்கள். இப்போது அடுத்த அறைக்குப் போகும் லைவ் இந்தச் சுவிட்சைத் தாண்டித்தான் போகிறது. திரும்பக் கழற்றி, இரண்டு லைவையும் ஒரே இடத்தில் சேருங்கள். ஒன்றை வெளியிலேயே விட்டிருந்தால் அதற்கு அப்பாலுள்ள லைட்டுகள் எல்லாம் செத்திருக்கும். மருந்து அதேதான்.

ஒரே தட்டில் இரண்டு மூன்று சுவிட்ச் இருக்கும் இரண்டு கேங், மூன்று கேங் சுவிட்ச் மாற்றிய பிறகு ஒன்று மட்டும் வேலை செய்கிறதென்றால், பழைய சுவிட்சில் ஒரு பக்க ஸ்க்ரூக்களை இணைத்திருந்த குட்டி வயர்த் துண்டைப் பாருங்கள். அது பழைய சுவிட்சோடு குப்பைக்குப் போயிருக்கும். லைவ் ஒரு கேங்குக்குத்தான் வருகிறது, மற்றவற்றுக்கு அந்தத் துண்டுதான் கொண்டுபோகும்.

ஓன் செய்தவுடன் பிரேக்கர் விழுந்தால், பெட்டிக்குள் சும்மா கடந்து போய்க்கொண்டிருந்த நியூட்ரல் தொடுப்பைச் சுவிட்சில் ஏற்றிவிட்டீர்கள். லைவும் நியூட்ரலும் நேருக்கு நேர் முட்டுகின்றன. பிரேக்கரைத் திரும்பத் தூக்க வேண்டாம், படத்தைப் பாருங்கள்.

மேலே தட்டினால் ஓன், கீழே தட்டினால் ஓஃப் என்று ஆகிவிட்டால் ஆபத்து ஒன்றுமில்லை. நம் நாட்டில் பிரித்தானியப் பழக்கப்படி கீழே என்றால் ஓன். சுவிட்ச் தலைகீழாக இருக்கிறது, அல்லது டூ வே சுவிட்சில் எல்1க்குப் பதில் எல்2வில் வயரை ஏற்றியிருக்கிறீர்கள்.

படிக்கட்டு லைட் குழப்பம்

கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு சுவிட்சில் வேலை செய்யும் லைட்டுக்கு டூ வே சுவிட்ச். அதில் மூன்று ஸ்க்ரூ: கொமன், எல்1, எல்2. வழமையான முறையில் கீழ்ச் சுவிட்சின் கொமனுக்கு லைவ் வரும், மேல்ச் சுவிட்சின் கொமனிலிருந்து பல்புக்குப் போகும், இரண்டு சுவிட்சின் எல்1, எல்2 ஸ்க்ரூக்களை இரண்டு வயர் இணைக்கும்.

இரண்டு சுவிட்சுக்கும் சேர்த்து மொத்தம் நாலு நிலை. அதில் இரண்டில் லைட் எரிய வேண்டும். நாலில் ஒன்றில் மட்டும் எரிகிறதா? இரண்டு காரணம் இருக்கலாம். அண்மையில் சுவிட்சை மாற்றினீர்கள் என்றால் கொமன் வயர் எல்1இலோ எல்2விலோ ஏறியிருக்கிறது. யாரும் கை வைக்காமல் தானாக இப்படி ஆனதென்றால் இணைப்பு வயர் இரண்டில் ஒன்று அறுந்திருக்கிறது, அல்லது சுவிட்சின் ஒரு பக்கத் தொடுமுனை தேய்ந்துவிட்டது.

கொமன் எப்படி மாறுகிறது என்றால், பழைய சுவிட்சில் மேலே தனியாக இருந்தது புதியதில் கீழேயோ நடுவிலோ இருக்கும். கம்பனிக்குக் கம்பனி வேறு. பழைய வயர் இருந்த இடத்தைப் பார்த்துப் பூட்டாமல், பழைய சுவிட்சில் அதற்குப் பக்கத்தில் இருந்த எழுத்தைப் பார்த்துப் பூட்டுங்கள். கழற்றும்போதே கொமன் வயரில் இன்சுலேசன் டேப் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டால் இந்தப் பகுதி முழுவதையும் நீங்கள் படித்திருக்கவே தேவையில்லை. எல்1, எல்2 இரண்டும் தங்களுக்குள் மாறினால் பரவாயில்லை, தட்டும் திசைதான் மாறும்.

அணைத்த பிறகும் எல்ஈடி மினுக் மினுக்கென்கிறது

பேய் இல்லை. பழைய குண்டு பல்ப் எரிய நல்ல கரண்ட் வேண்டும், எல்ஈடிக்குச் சொட்டுக் கரண்ட் போதும். சுவிட்சில் இருட்டில் தெரிவதற்காக ஒரு குட்டி இண்டிகேட்டர் லைட் இருந்தால் அதன் வழியாகக் கசியும் கரண்ட் எல்ஈடியை மினுக்கும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சைப் பூட்டினால் நின்றுவிடும். இண்டிகேட்டர் இல்லாமலே இப்படி ஆனால், முதலில் நியூட்ரலைச் சுவிட்சில் வெட்டியிருக்கிறார்களா என்று மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் சுவிட்ச் வயரும் லைவ் வயரும் நீண்ட தூரம் ஒரே குழாயில் ஒட்டி ஓடுவதால் வரும் தூண்டல். வேறு பல்ப் மாற்றிப் பார்க்கலாம். கேடில்லை, கண்ணுக்குத்தான் தொந்தரவு.

டிம்மரில் எல்ஈடி நடுங்கினால் டிம்மர் செய்யக்கூடியது என்று பெட்டியில் எழுதிய பல்பை வாங்குங்கள். காற்றாடி ரெகுலேட்டரில் ஒருநாளும் லைட்டைப் பூட்ட வேண்டாம்.

லைட்டைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

பிரேக்கர் விழுவது வேறு, ட்ரிப் விழுவது வேறு. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது ஒன்றைத்தான்: போன கரண்ட் அப்படியே திரும்பி வருகிறதா? வீட்டுக்கு வழமையாகப் பூட்டுவது 30 மில்லிஆம்பியர். அந்தளவு எர்த்துக்குக் கசிந்தால் விழுந்துவிடும். வீடு முழுவதற்கும் ஒரே ட்ரிப் என்பதால் கேற் லைட்டில் தண்ணீர் புகுந்தால் குசினி ஃப்ரிட்ஜும் நிற்கும்.

ஒரு குறிப்பிட்ட லைட்டைப் போட்டால் மட்டும் விழுகிறதென்றால் கசிவு சுவிட்சுக்கு அப்பால், பெரும்பாலும் லைட்டிலேயே. வெளி லைட், பல்கனி லைட், மொட்டைமாடி லைட் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். மே, ஜூன் மழையிலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் இது கூடும். எல்லா லைட்டும் அணைந்திருக்கும்போதே விழுந்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தில் படக்கூடும். அப்படியென்றால் லைட் பிரேக்கரை இறக்கினாலும் நிற்காது, ஏனென்றால் பிரேக்கர் நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. அதைத் தேடுவது மீட்டர் வைத்துச் செய்யும் வேலை, ஆளைக் கூப்பிடுங்கள்.

விழுகிறதே என்று ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரே வயர் கொடுக்கச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்து கொடுக்கும் பாஸையும் அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

சுவிட்ச் தட்டின் ஸ்க்ரூவில் சுரீரென்கிறது

தட்டைப் பூட்டிய நீள ஸ்க்ரூ உள்ளே வயரின் தோலைக் குத்தியிருக்கும், அல்லது சுவர் ஊறி, சுவருக்குள் புதைத்த சுவிட்ச் பெட்டியான சங்க் பாக்ஸுக்குள் ஈரம் வந்திருக்கும். பழைய இரும்புப் பெட்டியென்றால் அதற்கு எர்த் கொடுத்திருக்க வேண்டும், பல இடங்களில் கொடுத்திருக்க மாட்டார்கள். மெயினை இறக்கி, குத்துப்பட்ட வயரை வெட்டிச் சரியாக்கி, குட்டை ஸ்க்ரூ போடுங்கள். ஊறும் சுவருக்கு முதலில் தண்ணீர்க் குழாயைப் பார்க்க வேண்டும். யாராவது கரண்டில் ஒட்டிக்கொண்டால் தொடாமல் மெயினை இறக்கிவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

ஒரு லைட் மங்க, இன்னொன்று கண்ணைக் கூசுகிறது

மூன்று பேஸ் வீட்டில் சில லைட்டுகள் மங்கி, சில அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் மெயின் நியூட்ரல் கழன்றிருக்கிறது. பேஸுக்கும் பேஸுக்கும் இடையில் 400 வோல்ட். நியூட்ரல் இல்லாதபோது சில சாதனங்களுக்கு 230ஐ விட மிக அதிகமான வோல்ட் போய்ச் சேரும். டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் நிமிடங்களில் எரியும். மெயினை உடனே இறக்குங்கள், திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒற்றை பேஸ் வீட்டில் எல்லா லைட்டும் சேர்ந்து மங்கி மங்கி எரிந்தால் மீட்டர் பக்கத்திலோ கம்பத்திலோ தளர்வு.

இந்த இரண்டிலும் சுவிட்சுக்குச் சம்பந்தமே இல்லை. மீட்டரும் அதற்கு முன்னாலுள்ள கட் அவுட் ஃபியூஸும் முத்திரையிட்டவை, நீங்களோ உங்கள் எலெக்ட்ரீசியனோ தொடக்கூடாது. கொழும்பு மாநகருக்குள் மின்சாரக் கோளாறுக்கு அழைக்க 1987. கோட்டே, நுகேகொடை, மொறட்டுவை போன்ற, லெக்கோ மின் கம்பனி கரண்ட் கொடுக்கும் பகுதிகளில் 1910. அழைக்கும்போது பழைய பில் ஒன்றைக் கையில் வைத்திருங்கள், கணக்கு இலக்கத்தைக் கேட்பார்கள்.